பூணூலுக்குள் சிக்கிய கை

டென்னிஸில் சர்வீஸ் போட வலது கையைத் தூக்கினால், காது மட்டத்தில் தோள் பிடித்துக் கை நின்றுவிடும். அதற்கு மேல் உந்தினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அறுபதுகளின் நடுவே, நாங்கள் பம்பாய் மாட்டுங்காவில் குடியிருந்த சமயம் அது. எனக்கு வயது நாற்பத்திரண்டு. ஆபீஸ்களுக்கு இடையிலான டென்னிஸ் பந்தயத்தில் எங்கள் இரட்டையர் ஜோடி இறுதி ஆட்டம் வரை வந்திருந்தது. என் ஜோடி அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்தவன், என்னைவிடப் பதினொரு வயது சின்னவன், எங்கள் தெருக்காரன்தான். விஷயம் தெரிந்தால் என்னைக் கழற்றிவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொள்வான் என்று பயந்து, தோள்வலியைப் பற்றி அவனிடம் மூச்சு விடவில்லை.

டாக்டர் மூன்று பயிற்சிகள் சொல்லியிருந்தார். சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றுவது. கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, மற்றக் கையால் அணைத்துப் பிடிப்பது. முதுகுக்குப் பின்னால் துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்து, ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்று மெதுவாக இழுப்பது. "இழுக்கிறது தெரிந்தால் போதும், வலிக்கக் கூடாது. இருபது எண்ணி விட்டுவிடுங்கள். மூன்று வாரம் ராக்கெட்டைத் தொடாதீர்கள்" என்றார். இறுதி ஆட்டத்துக்கு இருந்ததோ ஒன்பது நாள். அதனால் இருபதை அறுபதாக்கினேன். மூன்று மடங்கு இழுத்தால் மூன்றில் ஒரு பங்கு நாளில் தோள் இளகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

"ஏன்னா, துண்டைப் பிழியறேளா, உங்களையே பிழிஞ்சுக்கறேளா?" என்றாள் மனைவி. "அந்தப் பந்தை நீங்க அடிக்காட்டா பம்பாய் முழுகிடுமா?"

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் தை அமாவாசை வந்தது. அன்று காலையும் எழுபது வரை எண்ணி இழுத்துவிட்டுத்தான் தர்ப்பணத்துக்குப் போனேன். பஜனை மடத்து ஹாலில் நாற்பது பேருக்குக் குறையாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு அடுத்த பலகையில் அவன், என் டென்னிஸ் ஜோடி.

"ப்ராசீனாவீதி" என்றார் சாஸ்திரிகள். இடது தோளில் கிடக்கும் பூணூலை வலது தோளுக்கு மாற்ற வேண்டும். அதற்கு வலது முழங்கையை மடக்கி, பூணூலுக்குள் நுழைத்து, மேலே எடுக்க வேண்டும். அப்பா காலமானதிலிருந்து யோசிக்காமல் செய்துவந்த காரியம். அன்று முழங்கை பாதியில் நின்றது. பூணூல் கக்கத்தில் இறுகிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. "அம்மா" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

ஹாலில் எல்லாத் தலையும் திரும்பியது.

"என்ன ஓய், கை எழும்பலையா?" என்றார் சாஸ்திரிகள்.

"ஒண்ணுமில்லை, பிடிச்சுண்டுடுத்து."

பின்வரிசையில் யாரோ, "டென்னிஸ் ஆடறவர் சாஸ்திரிகளே, சர்வீஸ் போடறார்!" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அவன் சிரிக்கவில்லை. என் பக்கம் நகர்ந்து, முழங்கையைத் தாங்கி, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல் கையைப் பூணூலுக்குள்ளிருந்து வெளியே எடுத்துவிட்டான். எடுக்கும்போதே தோளை அழுத்திப் பார்த்தான். எல்லாம் புரிந்துகொண்டான் என்று எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு மந்திரம் என் காதில் விழவில்லை. இவன் என்ன சொல்லப்போகிறான் என்பதிலேயே மனசு கிடந்தது. அப்பா, தாத்தா என்று ஒவ்வொருவருக்கும் மூன்று முறை விடவேண்டிய எள்ளும் ஜலமும் விரல் வழியே விழுந்துகொண்டிருந்தன.

"ஓய், தாத்தாவுக்குப் போயாச்சா? உம்ம தோப்பனாருக்கு இன்னும் ஒண்ணு பாக்கி" என்றார் சாஸ்திரிகள், எல்லாருக்கும் கேட்கும்படி.

மாடிப்படியையும் ரயில் பெட்டியையும்கூட விடாமல் எண்ணுகிறவன், அப்பாவுக்கு மூன்று வரை எண்ணவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெளியே செருப்பு மாட்டும்போது அவன் மெல்லச் சொன்னான்: "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்கோ. ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு நம்ம ஆபீஸ் டெஸ்பாட்ச் பையனைக் கேட்டுப் பாக்கறேன். உங்க கை முக்கியம்."

"எனக்கும் அன்னிக்கு வேற வேலை இருக்கு" என்றேன். ஒரு வேலையும் இல்லை.

ஞாயிறன்று போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். கோர்ட் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, டெஸ்பாட்ச் பையன் பந்தை வலையில் அடித்ததை எல்லாம் எண்ணினேன். முதல் செட் தோற்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த இரண்டையும் ஜெயித்துவிட்டு அவன் நேரே என்னிடம் ஓடிவந்து, "அண்ணா, ஜெயிச்சுட்டோம்!" என்றான், என்னையும் சேர்த்து. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், பெஞ்சில் கிடந்த துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.