எனக்கு மட்டும் கேட்காத சத்தம்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரிவில் எனக்கு வேலை. இரைச்சலுக்காக ஷிப்ட் முழுவதும் காதில் அடைப்பான் வைத்திருப்போம். லாரிகளின் ஹாரன் தொல்லை குறையுமே என்று, பைக்கில் வீடு திரும்பும்போதும் அதை நான் கழற்றாமலே இருந்தேன்.

சென்ற மாதம் ஒரு மதியம், உடன் வேலை செய்யும் தினகரன் படப்பையில் இறங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பின்னால் ஏறினார். சிறிது தூரத்திலேயே முதுகில் ஓங்கித் தட்டினார்.

“நிறுத்துபா! இன்ஜின் கடகடன்னு கத்திகினு கீது. உனுக்கு கேக்கலியா?”

ஓரம் கட்டி அடைப்பானை எடுத்தேன். தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற சத்தம்.

“செயின் லூசா இருக்கும்பா,” என்றேன்.

“வண்டியே நிக்குது, செயின் எங்க சுத்துது? மொதல்ல ஆஃப் பண்ணு.”

அணைத்துவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்தோம். நுனியில்கூட ஈரம் இல்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை நானே ஆயில் மாற்றியிருந்தேன். ஆயிலை வடிக்கும் அடி போல்ட்டுக்கு வாஷர் போட மறந்ததால், ஆயில் முழுவதும் கசிந்துவிட்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். மெக்கானிக் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் ஓட்டிருந்தா பிஸ்டன் இறுகிப் புடிச்சி, பின்சக்கரம் அப்டியே நின்னுட்டிருக்கும். பின்னாடி லாரி வந்தா இன்னா பண்ணுவ?” என்றார். அன்று எங்கள் பின்னால் கன்டெய்னர் லாரிதான் வந்துகொண்டிருந்தது.

இப்போது அடைப்பானை லாக்கரிலேயே வைத்துவிடுகிறேன். வண்டியைக் கிளப்பி, ஒரு நிமிடம் காதுகொடுத்த பிறகே கியர் போடுகிறேன்.

“இன்னாபா, பாட்டு கேக்கிறியா?” என்பார் தினகரன்.

முழுவதும் கேட்டுவிட்டுத்தான் அவரை ஏறச் சொல்கிறேன்.