கொக்கி கொளுவ இடமில்லாத கூரை

போன மாதம் திருகோணமலைக்குப் போனேன். கோயில், கடற்கரை எல்லாம் சாட்டு. உண்மையான காரணம் தம்பி தினேஷ். துறைமுகத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பும் ஒரு களஞ்சியத்தில், கூரைக்குத் தகரம் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "விழாமல் இருக்க பெல்ட் தந்திருக்கினம் அக்கா, பயப்பிடாதேங்கோ" என்று போனில் சொன்னான். அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

வவுனியாவில் காலை ஆறு மணிக்கு பஸ். ஏறத்தாழ 95 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். வழியில் தேநீருக்கு நிற்கும். வடை சூடாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவுக்கு 500 ரூபாய். கிண்ணியாக்கார முஸ்லிம் அண்ணர், நானா ஒருவர்தான் ஓட்டினார்.

வேலைத்தள வாசலில் 'பெல்ட் இன்றி உள்ளே வரவேண்டாம்' என்று பெரிய பலகை. பார்த்ததும் கொஞ்சம் ஆறுதல். வேலியோரம் நின்று நிமிர்ந்தேன். நான்கு மாடி உயரத்தில், கூரையைத் தாங்கும் ஒரு சாண் அகல இரும்புத் தீராந்தியில் தினேஷ் நடந்துகொண்டிருந்தான். பெல்ட் கட்டியிருந்தான். ஆனால் முதுகிலிருந்து வந்த கயிற்றின் கொக்கி அவனுடைய இடுப்பிலேயே மாட்டியிருந்தது. தன்னைத் தன்னோடு கட்டிக்கொண்டு நடக்கிறான்! என்னையறியாமல் வாயைத் திறந்தேன்.

"கூப்பிடாதீங்க தங்கச்சி, திரும்பிப் பார்த்தாரெண்டா போச்சு" என்றார் பக்கத்தில் வந்து நின்ற ஓட்டோ நானா.

வாயைப் பொத்திக்கொண்டேன். துறைமுகக் காற்று தகரங்களைத் தட்டியது. வேலியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். மதியச் சாப்பாட்டுக்கு அவன் இறங்கி வந்தபோதுதான் மூச்சு வந்தது.

"ஏன்டா கொக்கியை இடுப்பில கொளுவினனீ?"

"வேற எதில அக்கா கொளுவுறது? மேல கயிறு ஒண்டும் கட்டேல்லை. தொங்கவிட்டா கால்ல தடக்கும். எல்லாரும் இப்பிடித்தான்."

"கேக்க ஏலாதா?"

"ஓம், கேக்கலாம். கேட்டவர் அடுத்த நாள் வேலைக்கு வரேல்லை."

வா வீட்டுக்கு என்றேன். சிரித்தான். கூரை முடியட்டும் என்றான்.

அன்று பின்னேரம் கோணேசர் கோயிலுக்கும் போனேன். அழகான இடம்தான், பாறைக்குக் கீழே கடல். ஆனால் எனக்கு எட்டிப் பார்க்க முடியவில்லை. நீங்கள் போனால் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது இப்படி உயரத்தில் வேலை செய்தால், பெல்ட் தந்தார்களா என்று கேட்காதீர்கள். எதில் கொளுவுகிறாய் என்று கேளுங்கள்.

மறுநாள் திரும்பும் பஸ்ஸில் ஏறி, புறப்பட்டுவிட்டேன் என்று அவனுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். நேரம் எட்டரை. இப்போது மேலே நிற்பான். நான் அழைத்தால் ஒரு கையை விட்டுவிட்டாவது எடுப்பான்.

போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.