சாளையில் ஒரு கட்டில்

இடது கைக் கட்டைவிரல் டேப்பின் வளையத்தைச் சர்வே கல்லின் உச்சியில் அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை ஒரு கூழாங்கல்லை எடுத்து வளையத்தின் மேல் வைத்தது. வைத்த பிறகும் கட்டைவிரல் விலகவில்லை. டேப் தொய்ந்தால் அளவு கூடிவிடும். அந்தக் கைகளுக்கு அது பொறுக்காது.

"போதுங்களாண்ணா? இன்னம் இழுக்கட்டுமா?" எதிர்முனையைப் பிடித்திருந்த கதிர்வேல் பாறைக் கரட்டின் மேலிருந்து கேட்டான்.

"இழு. தொங்குது பாரு."

கல்லருகே குந்தியிருந்தவர் சென்னியப்பன். நாமக்கல்லுக்கு வடக்கே கரட்டுப்புதூரில் வீட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் லாரிப் பட்டறைக்கும் பிளான் போடுகிறவர். இளவயதில் சர்வேயரிடம் சங்கிலி பிடிக்கப் போனவர், அங்கே அளக்கக் கற்றார். பிறகு ஒரு என்ஜினீயர் ஆபீஸில் எடுபிடியாக இருந்து, அவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் கம்ப்யூட்டரில் கோடு போடக் கற்றார். போட்ட கோட்டைத் திரும்ப மாற்றியதில்லை என்பது ஒன்றுதான் அவர் தன்னைப் பற்றி வெளியே சொல்லிக்கொள்ளும் பெருமை.

கதிர்வேல் அவருடைய சித்தப்பா மகன். பாகம் பிரிந்தபோது கிணறும் செம்மண் காடும் சென்னியப்பன் பக்கம் வந்தன. ஆடுகூட ஏறத் தயங்கும் கரடும் அதையொட்டிய மேட்டுக்காடும் கதிர்வேலுக்குப் போயின. அப்படியும் பொறாமை சென்னியப்பனிடம்தான் தங்கியது. கதிர்வேல் போர்வெல் வண்டி வாங்கினான், வாசலில் கார் நிறுத்தினான். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிப் பங்காளிகளுக்குக் கறி பங்கு வைக்கும்போது எல்லாக் கூறும் ஒரே எடைதான் இருக்கும். சென்னியப்பன் கண்ணுக்கு மட்டும் கதிர்வேல் கூறில் ஈரல் கூடுதலாகத் தெரியும்.

இப்போது அந்தக் கரட்டுக்கே ஆள் வந்துவிட்டது. நாமக்கல் பட்டறைகளில் கட்டும் கேஸ் டேங்கர்களின் வெல்டிங்கில் பழுது உண்டா என்று கதிர்வீச்சால் படம் எடுத்துப் பார்க்கும் கம்பெனி. அதற்கான கதிரியக்கப் பொருள் குக்கர் அளவுள்ள கனத்த பெட்டிக்குள் இருக்கும். வேலையில்லாத நேரத்தில் பெட்டியை வைத்துப் பூட்ட ஒரு குழியும் அதைச் சுற்றிக் கட்டடமும் வேண்டும். பெட்டிக்கான அனுமதி மும்பையில் உள்ள மத்திய அரசு அலுவலகத்திலிருந்து வரும். குழியை எங்கே வெட்டலாம் என்பது இங்கேதான் தீர வேண்டும். விவசாய நிலத்தைத் தொழில் நிலமாக மாற்ற வேண்டும், பஞ்சாயத்து சம்மதிக்க வேண்டும், சுற்றிலும் என்னென்ன இருக்கிறதென்று பிளானில் காட்ட வேண்டும். கம்பெனி மேனேஜர் குருமூர்த்தி, குழியை நடுவாக வைத்து ஒரு வட்டம் போடச் சொல்லியிருந்தார். அந்த வட்டத்துக்குள் ஆள் குடியிருக்கும் இடம் ஒன்றுகூட வரக்கூடாது.

பிளான் பாஸானால் கரட்டுக்கு மாதாமாதம் வாடகை. அந்தப் பிளானைப் போடச் சொல்லிக் கதிர்வேலே வந்து நின்றான். "பங்காளி இருக்கறப்ப வெளியாளு எதுக்குங்கண்ணா?" என்றான். அந்தப் பெருந்தன்மைதான் சென்னியப்பனுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.

ஊரில் வேறு பேச்சு நடந்தது. "அந்தப் பெட்டி வந்துட்டா கோழி முட்டை வெக்காதாமா," என்றார் டீக்கடையில் பண்ணைக்காரர் பூபதி.

"உங்க கோழி இப்பவே வெக்கறதில்லீங்களே," என்றான் கதிர்வேல். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பும் சென்னியப்பனுக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக அளந்தது சாளைக்கு. ஆடுமாடு கட்டவும், வெள்ளாமைக் காலத்தில் காவலுக்கு ஆள் படுக்கவும் காட்டில் போடும் ஓலைக் கொட்டகையைச் சாளை என்பார்கள். சென்னியப்பனின் சாளை அவர் காட்டின் ஓரத்தில், கரட்டடியில் இருந்தது. அளவு டேப்பில் வந்தபோது அவர் இரண்டாம் முறை குனிந்து பார்த்தார். சாளை வட்டத்துக்குள் விழுந்தது.

ஆட்டுக் கொட்டகை என்று எழுதினால் கதிர்வேலுக்கு வாடகை. குடியிருப்பு என்று எழுதினால் குழி அங்கே வராது. குடியிருப்பு என்றே எழுதும் எண்ணம் உடனே வந்துவிட்டது. ஆனால் அங்கே யாரும் குடியிருக்கவில்லை, பொய்யாக ஒன்றை எழுத அவர் கை வராது. ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் கயிற்றுக் கட்டிலைத் தலைமேல் தூக்கிக்கொண்டு சாளைக்குக் கிளம்பினார்.

"ஏனுங்க, கட்டலத் தூக்கிட்டு எங்க போறீங்க?" என்றாள் மனைவி பொன்னாத்தாள்.

"சாளையில கொஞ்ச நாளைக்கு இருக்கலாம்னு."

"வெள்ளாமை என்ன நிக்குதுங்க காவலுக்கு?"

"காத்து நல்லா வருது."

"ஊட்டுல ஃபேன் வருதுங்களே." அவர் கட்டிலைத் தலையில் சரிசெய்துகொள்வதைப் பார்த்து, "அந்த அடுப்பையும் எடுத்துட்டுப் போங்க. கதிர்வேல் நல்லா இருக்கறதப் பாத்துட்டே பொங்கித் திங்கலாம்," என்றாள்.

அவர் உண்மையாகவே அடுப்பையும் எடுத்துப் போனார். ஆடுகளை ஒரு பக்கம் ஒதுக்கிக் கட்டினார். சமைத்தார், படுத்தார், விடிந்தால் அங்கேயே பல் விளக்கினார். அதன் பிறகுதான் பிளானில் சாளையின் மேல் 'குடியிருப்பு' என்று தட்டினார்.

நிலத்தைப் பார்க்க அதிகாரிகள் வந்த அன்று அவர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இங்கயா இருக்கீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"இங்கதானுங்க."

அந்த அதிகாரி பிளானையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழியை இங்கே வைக்க முடியாது, வேறு இடம் காட்டுங்கள் என்று குருமூர்த்தியிடம் சொல்லிவிட்டுப் போனார். கதிர்வேல் கரட்டடியில் கையைப் பின்னால் கட்டியபடி நின்றான். அன்று சென்னியப்பன் சமைத்தது வெறும் ரசம். இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அந்த ருசி சில நாள்தான் இருந்தது. குருமூர்த்தியும் கதிர்வேலும் சேர்ந்தே சாளைக்கு வந்தார்கள்.

"குழியைக் கரட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டோம் சார்," என்றார் குருமூர்த்தி. "இப்ப வட்டம் முழுக்க இவர் நிலத்துக்குள்ளயே வருது. நாளைக்கு வட்டத்துக்குள்ள யாரும் வீடு கட்டிடக் கூடாது பாருங்க. அதனால இவரோட மேட்டுக்காட்டையும் சேர்த்து வாடகைக்கு எடுக்கறோம்."

"மேட்டுக்காடுமா?"

"ஆமா. முதல் இடம்னா வட்டத்துல பாதி உங்க காட்டுல விழுந்திருக்கும். அதை உங்ககிட்ட வாடகைக்குக் கேக்கலாம்னுதான் இருந்தோம். நீங்க குடியிருக்கீங்கன்னு பிளான்ல பார்த்ததும் விட்டுட்டோம். குடியிருக்கறவரை எப்படிக் கிளப்பறது?"

ஒரு ஆடு தும்மியது. கட்டிலை இப்போதே தூக்கிவிடலாம், இது வெறும் ஆட்டுக் கொட்டகைதான் என்று சொல்லிவிடலாம். சென்னியப்பன் வாயைத் திறந்தார். கதிர்வேல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும் என்று அந்தப் பார்வை சொன்னது. இப்போது சொன்னால், தான் போட்ட கோடு கோடில்லை என்று அவன் எதிரிலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"புது எடத்த எப்ப அளக்கறது?" என்றார்.

மறுபடி டேப் கரட்டின் மேல் ஏறியது. மறுபடி எதிர்முனையில் கதிர்வேல்.

"சாளை வாசல்ல இருந்தும் அளக்கணுங்களாண்ணா?"

"குடியிருப்புன்னு இருக்குதே. அளந்துதான ஆகணும்."

"ரவைக்குப் படுக்கறப்பக் குளுரலீங்களா?"

"குளுராது. இழுத்துப் புடி."

கதிர்வேல் சிரித்தது டேப்பின் நடுக்கத்தில் கைக்குத் தெரிந்தது. சென்னியப்பன் வளையத்தை இன்னும் அழுத்தினார்.

பிளான் போட நாளானது. கரட்டின் ஒவ்வொரு மடிப்பையும் மேட்டுக்காட்டின் ஒவ்வொரு வரப்பையும் இருக்கிற இடத்தில் வைத்தார். நிலத்தின் பரப்பை எழுதும்போது, அவ்வளவு இருக்காதே என்று மறுபடி கூட்டிப் பார்த்தார். அவ்வளவும் இருந்தது. நில உரிமையாளரான கதிர்வேலின் பெயரை மூலையில் சின்னதாகத் தட்டினார். அவர் போடும் பிளான்களில் அது எப்போதும் இருக்கும் அளவு வேறு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுத்தை வழக்கமான அளவுக்குப் பெரிதாக்கினார்.

தாள்களை எடுத்துச் சுருட்டி, சணல் கயிற்றால் கட்டி, சாளை வாசலில் காத்திருந்தார். கதிர்வேல் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தான். கட்டிலில் மடித்து வைத்திருந்த போர்வையை ஒருமுறை பார்த்தான். கையை நீட்டினான்.

"மடிச்சுப் போடாத. கோடு ஒடஞ்சுரும்," என்று சொல்லி, சென்னியப்பன் சுருளை இரண்டு கையாலும் அவனிடம் கொடுத்தார்.