கானூன் என்ற பெண்மணி

எங்கள் அப்பாவுக்குத் தூக்கமே தேவையில்லை என்பதில் எனக்கு ஒரு காலத்தில் ஏகப்பெருமை. எங்கள் தீவின் வண்டூர்க் கரையில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் கடலுக்குப் போய் வந்து குறட்டை விடும் பகலில், என் அப்பா மட்டும் வலையைப் பின்னுவார், பின்னியதைப் பிரிப்பார், என்னோடு கண்ணாமூச்சி ஆடுவார். நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. புயலுக்குப் பிறகு தேயிலைப் பொட்டலம் மாதிரி சில கரை ஒதுங்கியதும், மற்றவர்கள் போலீசில் ஒப்படைத்தபோது அப்பா ஒன்றை ஒளித்துவைத்ததும், உள்ளே இருந்தது போதைமருந்து என்பதும் எனக்குத் தெரியாது. அவர் மெலிந்துகொண்டே போனார். அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டே போனாள். நானோ, அப்பா என் வயதுக்கு இறங்கி வந்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

ஒரு மத்தியானம் என்னை டிங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போனார். சுக்கானை என் கையில் கொடுத்தார். தண்ணீர் கருநீலமாகும் இடத்தில் எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றது. அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. படகு முனையில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் அதையும் விளையாட்டென்று எடுத்துக்கொண்டு, அந்த இல்லாத ஆளின் கட்சியில் சேர்ந்து பேசினேன். அந்தப் பக்கம் வந்த தெலுங்கு மீனவர்கள் எங்கள் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

அந்த வாரமே வீட்டு முன்னால் ஒரு ஜீப் வந்தது. ஒரு பெண் போலீசும் ஒரு பெண் அதிகாரியும் இறங்கினார்கள். போதைமருந்து புழங்கும் வீட்டில் பிள்ளையை விட்டுவைக்க முடியாது, குழந்தைகள் நலக் குழுவிடம் அழைத்துப் போக வேண்டும் என்று அதிகாரி இந்தியில் சொன்னார். அப்பா பக்கத்தில் நிற்க, அம்மா அழுதபடி வாசலை மறித்தாள்.

"எம்பிள்ளைய யாரக் கேட்டுக் கூட்டிட்டுப் போறிய? நான் விட மாட்டேன்!"

"கானூன் ஹை, தீதி," என்றார் அதிகாரி.

என் இந்தி அரைகுறை. கானூன் என்றால் சட்டம் என்று தெரியாமல், அது அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

குழு என்னைக் குட்வில் எஸ்டேட்டில் இருந்த சித்தி வீட்டில் விட்டது. மாலை ஜெபத்தில், கானூனைப் பூரான் கடிக்க வேண்டும் என்று மாதாவிடம் சத்தமாகவே வேண்டினேன். சித்தி ஆமென் சொல்ல முடியாமல் சிரித்தாள். கானூனோ அவ்வப்போது கொய்யாப்பழத்தோடு வந்து, சாப்பிடுகிறாயா, பள்ளிக்கூடம் போகிறாயா என்று விசாரித்தார். கொய்யாவைத் தின்றேன், வேண்டுதலைக் கைவிடவில்லை.

அப்பா கப்பலேறி மெயின்லேண்ட் போய்ச் சிகிச்சை எடுத்துத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து என்னைப் பார்க்க வருவார். சித்தி கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது குழுவின் உத்தரவு. ஒருநாள் நான் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தூங்கிப்போனார். எனக்குப் பெரிய ஏமாற்றம். சித்தி எதற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று விளங்கவில்லை. அடுத்த வகுப்புக்கு நான் வண்டூரிலிருந்தே போனேன்.

கல்லூரிக்குப் போன பிறகு ஒரு விடுமுறையில், மீன் கழுவிக்கொண்டே அம்மா சொன்னாள்: "அன்னைக்கு அந்தம்மாவுக்குப் போன் போட்டது நாந்தான்."

"அப்புறம் எதுக்கும்மா அப்பிடிக் கத்துன?"

"உங்கப்பா பக்கத்துல நின்னாவல்லா."

"அழுததும் அதுக்குத்தானா?"

அம்மா கையிலிருந்த மீனைத் திருப்பிப் பிடித்தாள்.

"அது தானா வந்துச்சு."