படகின் கதவை மூடியவர்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பா கோபக்காரர். உங்களில் பாதிப் பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் புகழுரையை எதிர்பார்க்க வேண்டாம்.

திருவதிகைப் பக்கத்தில், அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போன குடும்பத்தில் அப்பா பிறந்தார். மூன்று வேளையும் சோறு கிடைக்கும் என்றுதான் கடற்படையில் சேர்ந்தார். அங்கே அவரை ஒரு கரையிறங்கு படகில் போட்டார்கள். பெரிய தகரப் பெட்டி போல இருக்குமாம். முன்பக்கம் முழுவதும் ஒரே இரும்புக் கதவு. படகு தரை தட்டியதும் அதைச் சாய்த்தால் பாலமாகிவிடும். சிப்பாய்கள் அதன்மேல் ஓடி இறங்குவார்கள். முனையில் நின்று கழியால் ஆழம் பார்ப்பதும், கம்பிவடம் சுற்றிய கைவின்ச்சைச் சுற்றிக் கதவை ஏற்றி இறக்குவதும் அப்பாவின் வேலை.

வங்கதேசப் போரின்போது ஒரு காலையில் படகு தரை தட்டியது. அப்பா கழியை விட்டுப் பார்த்து, முழங்காலளவு தண்ணீர் என்று குரல் கொடுத்தார். தட்டியது கரையல்ல, மணல்திட்டு. திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆளை விழுங்கும் பள்ளம் இருந்தது. கழி எட்டிய தூரம்வரை மட்டுமே அப்பா பார்த்திருந்தார். கதவு இறங்கியது. முதலில் ஓடியவர்கள் முதுகுச் சுமையோடு பத்தடிக்குள் மூழ்கினார்கள். அதே நேரம் கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுட்டது. தத்தளித்தவர்களின் தலைகள் சிதறின. திறந்த கதவு வழியாகக் குண்டுகள் உள்ளே பாய, நெருக்கியடித்து நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ரத்தத்தில் கால் வழுக்கியது. கதவை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அப்பா சுற்றினார்.

ஒரு சிப்பாய் திரும்பி நீந்திவந்து கதவின் பக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இரண்டு நாள் பயணத்திலும் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தவன் அவன். அப்பாதான் அவனுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார். கதவுக்கும் படகின் சுவருக்கும் நடுவில் அவன் விரல்கள் இருப்பதை அப்பா பார்த்தார். பார்த்துக்கொண்டே சுற்றினார். எலும்பு நொறுங்கும் சத்தம் சுடும் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம். உள்ளே மிஞ்சியவர்கள் பிழைத்தார்கள். படகைக் காப்பாற்றியதற்காக அப்பாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. சித்தப்பா ஊரெல்லாம் காட்டியது அந்தக் கடிதத்தைத்தான். அந்தச் சிப்பாயின் பெயர் அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கடற்படையிலிருந்து வந்தபின் நிலக்கரிச் சுரங்கத்தில் சேர்ந்து பெர்மனென்ட் ஆனார். சுரங்க நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அங்கே எட்டு வயதில் நான் விளையாட்டாக இரும்பு கேட்டைச் சாத்தினேன். தம்பியின் கை கேட்டில் இருந்தது. அடி எதுவும் படவில்லை. ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த அப்பா, இடுப்புப் பெல்ட்டை உருவி என் முதுகு கிழிய அடித்தார். தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்காக அவரை வெகுகாலம் வெறுத்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

படகும் ஓய்வு பெற்றது. ஏலத்தில் எடுத்தவர் நீலச் சாயம் பூசி, கடலூர் உப்பனாற்றில் ஆட்களையும் மாடுகளையும் டிராக்டரையும் ஏற்றி அக்கரைக்கு விட்டார். குண்டுத் துளைகளை அடைத்த ஒட்டுகளை வைத்தே அப்பா அதை அடையாளம் கண்டுகொண்டார். லீவு நாட்களில் வடலூர் வழியாகப் பஸ் பிடித்துப் போய்க் கரையில் நின்று பார்ப்பார். ஒருநாள், ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தூக்கிய ஓட்டுநரைப் பல் உடைய அடித்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷன்வரை போய்வந்தார். பிறகு படகு பழைய இரும்புக்குப் போனது. அதை உடைக்கும் இடத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். கதவை கேஸ் கட்டரால் அறுக்கும்போதுதான் மேலே எழுதியதையெல்லாம் சொன்னார்.

"நான் செத்தா மலர் போடுவீங்க. அதுல வீரன்னு எழுதின, எழுந்து வந்து அடிப்பேன். ஆழத்த தப்பா சொன்னவன், ஒருத்தன் கைமேல கதவ மூடினவன்னு எழுது" என்றார். அன்றுதான் அவர்மேல் எனக்கிருந்த வெறுப்பு விட்டது.

கடைசி மாதங்களில் அவருக்கு நடை நின்றது, வாய் நிற்கவில்லை. டாக்டரையும் திட்டினார். அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் நண்பர்களுக்கும், ஷிப்ட் மாற்றிக்கொண்டு மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்கும், திட்டு வாங்கிக்கொண்டே கஞ்சி கொடுத்த அத்தைக்கும் எங்கள் நன்றி.

அம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அச்சுக்குக் கொடுக்குமுன் இதை வீட்டில் படித்துக் காட்டினேன். "செத்தவரு பேர ஏம்மா கெடுக்கிற? பொண்ணு குடுத்த வூட்டுல என்னா நினைப்பாங்க?" என்று சித்தப்பா சத்தம் போட்டார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லிட்டாரு தம்பி" என்றார் அம்மா. "எங்க அப்பா முன்னால கைய நீட்டி, இந்தக் கைய புடிக்க இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடச் சொல்லுங்கன்னாரு. தெரிஞ்சிக்கினுதான் புடிச்சேன். அவ எழுதட்டும்."