மூன்றாம் பேஸில் குழம்பிய சம்பந்தம்

அத்தான் பாதி குடித்த தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் டக்கென்று வைத்துவிட்டு எழும்பினார். நகரத்தின் மற்றக் கரையில், பியர்பொன்ட்ஸில், பெண் வீட்டு ஹோல். கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் அங்கே போனது எனக்குச் சம்பந்தம் பேச. சம்பந்தம் பேசப் போன வீட்டில் தேத்தண்ணீரை மிச்சம் விட்டு எழும்பினால் என்ன அர்த்தம் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அத்தானின் மனைவியான என் அக்காவின் முகம் வெளிறிவிட்டது. குசினி வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்தப் பெண்ணும் நானும் இரண்டு வருடமாக விரும்பிக்கொண்டிருந்தோம். அவள் வில்லரேயில் ஒரு கார்தெரியில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை. நான் டோர்வல் விமானநிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டுகிற வேலை. காதல் என்று சொன்னால் வீட்டில் பூகம்பம் வரும் என்பதால், பேசிச் செய்கிற கல்யாணம் போலவே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினோம். தரகர்கூட எங்களுடைய ஆள்தான். ஊர் சரி, சாதகம் சரி, சீதனக் கதையே இல்லை. எந்தப் பக்கத்தால் ஆர் நொட்டை பிடித்தாலும் பதில் சொல்ல ஆயத்தமாக இருந்தோம். போதாததற்கு அவள் ஒரு யோசனை சொன்னாள்: "என்ரை அப்பாவுக்கும் உங்கடை அத்தானுக்கும் பேஸ்போல் விசர். மட்ச் நடக்கிற நேரம் பாத்து வாங்கோ. ரெண்டு பேரும் ஒட்டிடுவினம்." எவ்வளவு கெட்டித்தனமான யோசனை என்று நானும் மெச்சினேன். கடவுளே!

அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைப் பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் நகரத்துக்குக் கூப்பிட்டு, வில்லரேயில் தன் வீட்டு மேல்மாடியில் வைத்திருந்து, தகப்பன் இடத்தில் நின்றவர் அவர். எண்பதுகளில் வந்து இறங்கியதும் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியிருக்கிறார். அந்தக் குசினி வானொலியில் பேஸ்போல் வர்ணனை ஓயாது. அவர் பிரெஞ்சு படித்தது அதைக் கேட்டுத்தான். அதனால் பிறகு விமானநிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தபோதும், பக்கத்து வீட்டுக்காரனுடன் குப்பை வாளிச் சண்டை பிடித்தபோதும், அவர் பிரெஞ்சில் வாயைத் திறந்தால் மைதானத்தில் ஆரோ ஓடுகிற மாதிரித்தான் இருக்கும். அவளுடைய அப்பா, இப்போது என் மாமா, ஊரில் கணக்கு வாத்தியார். எல்லோருக்கும் மாஸ்டர். அவர் பேஸ்போலைப் படித்தது நூலகத்துப் புத்தகங்களில். ஒருவர் காதால் படித்தவர், மற்றவர் கண்ணாடி போட்டுப் படித்தவர். இதை முன்கூட்டியே யோசிக்காத எங்களை என்னவென்று சொல்வது!

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மைதானத்தில் நான்கு மூலை; மூலையைத்தான் பேஸ் என்பார்கள். மூன்றாம் மூலையைக் காக்கிறவனை நோக்கித்தான் பந்து ஆகக் கடுமையாக வரும். அவன் அதைப் பொறுக்கி, அடித்தவன் ஓடிப் போய்ச் சேர முதல், எதிர்ப்பக்கத்து முதலாம் மூலைக்கு எறியவேண்டும். அவ்வளவுதான். இந்த வேலையை உலகத்திலேயே நன்றாகச் செய்தவன் ஆர் என்பதுதான் அன்றைய பிரச்சினை. வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நுழையாததால் அத்தான் தன்னுடைய ஆளுக்கு 'மீசை' என்று பெயர் வைத்திருந்தார். மாஸ்டரின் ஆள் ரீவி வருவதற்கு முந்திய காலத்து ஆட்டக்காரர். அவருக்கு 'கிழவர்' என்று பெயர்.

அன்றைக்கு நாள் பார்க்கிற கட்டத்துக்கு வந்துவிட்டோம். மாஸ்டர் பஞ்சாங்கத்தை விரித்தபோது ரீவியில் மூன்றாம் பேஸ்காரன் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தான். "மீசை எண்டால் இதை நித்திரையிலயும் பிடிச்சிருப்பான்" என்றார் அத்தான்.

"மீசை நல்லவன்தான்" என்றார் மாஸ்டர். "எண்டாலும் கிழவருக்குக் கிட்ட வரமாட்டான்."

"நீங்கள் கிழவரைக் கண்டனீங்களோ?"

"ஏன், நீர் கடவுளைக் கண்டனீரோ?"

"கடவுள் மூண்டாம் பேஸில நிக்கேல்லையே மாஸ்டர்!"

அந்த இடத்தில் நான் சிரித்துத் தொலைத்தேன். மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "கண்டறியாத மீசை!" என்றார். "கண்டறியாத கிழவர்!" என்றார் அத்தான். பஞ்சாங்கம் மூடப்பட்டது. கோப்பை டக்கென்றது. இரண்டு நாள் கழித்துத் தரகர் மூலம் சேதி வந்தது: குடும்பம் சரிவராதாம். அவள் என் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். நானும் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். சாதகம் பொருந்தாமல் போனால் அழலாம், சாதி பார்த்துக் கலைத்தால் சண்டை பிடிக்கலாம். இதற்கு என்னத்தைச் செய்ய?

அத்தானுக்கும் மனம் சுட்டிருக்கவேண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்கிற ஆள் அவரில்லை. அந்த ஆவணியில் எங்கள் ஊர்ச்சங்க ஒன்றுகூடல், ஆற்றங்கரைப் பூங்காவில் வந்தது. இங்கே வளர்ந்த பிள்ளைகள் கயிறு இழுக்க மாட்டோம் என்று நின்றதால், வில்லரேக்கும் பியர்பொன்ட்ஸுக்கும் பேஸ்போல் என்று முடிவானது. "தம்பி, மூண்டாம் பேஸில நீ நிக்கிறாய்" என்றார் அத்தான். "நீ வடிவா விளையாடினால் மாஸ்டரின்ரை மனம் இளகும்." நான் வாழ்க்கையில் கிரிக்கெட் தவிர வேறொன்றும் தொட்டதில்லை. வீட்டுக்குப் பின்பக்க ஒழுங்கையில் இரண்டு கிழமை பயிற்சி நடந்தது. அத்தான் அடித்த பந்துகளில் நான் பிடித்ததைவிடப் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரியின் தக்காளிச் செடிகள் பிடித்ததுதான் அதிகம்.

பூங்காவில் அத்தான் ஒரு மரத்தடியில், மாஸ்டர் வேறொரு மரத்தடியில். இறைச்சி வாட்டுகிற புகை மட்டும் இரண்டு பக்கமும் போய்வந்தது. முதல் பந்து என் காலுக்குள்ளால் போனது. அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்ததை நான் சுத்தமாகப் பொறுக்கினேன். கைதட்டல் கேட்டது. சின்ன வயதிலிருந்து பழகிய கை; பந்து வந்ததும், அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்தவனை விக்கெற் கீப்பராக்கி, விசுக்கென்று அவனுக்கு எறிந்தேன். இந்த விளையாட்டில் விக்கெற் இல்லை. அடித்த பெடியன் முதலாம் பேஸில் ஆறுதலாக நின்று தண்ணீர் குடித்தான். அதற்கடுத்ததையும் அங்கேயே எறிந்தேன். அதற்கடுத்ததை எறிந்துவிட்டு, கையைத் தூக்கி, கிரிக்கெட்டில் அவுட் கேட்கிற மாதிரி "ஹவுஸ்தற்!" என்றும் கத்தினேன்.

"முதலாம் பேஸுக்கு எறியடா விசரா!"

இரண்டு மரத்தடியிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது. இரண்டு பேரும் எழும்பி நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆர் இவருக்குப் பழக்கினது?" என்று மாஸ்டர் கேட்டார்.

அத்தான் தலையைச் சொறிந்தார். "நான்தான்."

"எத்தினை நாள்?"

"ரெண்டு கிழமை."

"ரெண்டு கிழமையோ!" என்று மாஸ்டர் நெஞ்சில் கையை வைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அத்தானுக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தார்கள். உலகத்திலேயே சிறந்த மூன்றாம் பேஸ்காரன் ஆர் என்பதில்தான் அவர்களுக்குள் பிரச்சினை. மோசமானவன் ஆர் என்பதில் ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்கு அவமானத்தில் உயிர் போனது. ஆனால் மைதானத்துக்கு வெளியே அவள் குதித்துக் குதித்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரமே நாள் குறித்தார்கள். "பெட்டையை இவருக்குக் குடுக்கலாம்" என்றார் மாஸ்டர், ஒரு கோழிக்காலைக் கடித்தபடி. "எங்கடை கதைக்குள்ள குறுக்கை வரமாட்டார்."

நான் குறுக்கே போகவே இல்லை. காலப்போக்கில் இந்த நகரத்துப் பேஸ்போல் அணி வேறு ஊருக்குப் போனது. மைதானம் வெறுமையாகக் கிடந்தது. அவர்களுடைய கதை மட்டும் ஓயவில்லை. என் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் இரண்டு பேரும் ஒரு மூலையில் இருந்து மீசை, கிழவர் என்று உறுமிக்கொண்டிருப்பார்கள். மனைவியும் நானும் கேக் வெட்டுவோம்.

அத்தான் போன மாரியில் போய்விட்டார். இறுதிக் கிரியை மண்டபத்தில் ஆட்கள் குறைந்த பிறகு, மாமாவாகிவிட்ட மாஸ்டர் பெட்டிக்குக் கிட்டப் போய் நின்றார். கடைசியிலாவது ஒரு சொல்லுக்கு மீசையை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஐசே, நீர் இப்பிடிப் படுத்திருக்கிறீர் எண்டதுக்காக நான் விட்டுத்தர மாட்டன்" என்றார். "கிழவர்தான்."

சொல்லிவிட்டுப் பழக்கத்தில் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெரிய மனிதர் வாய்விட்டு அழத் தொடங்கினார். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போனேன்.

"இல்லை மாமா" என்றேன். "மீசைதான்."

மாமா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "உமக்கென்ன தெரியும்? பந்தை விக்கெற் கீப்பருக்கு எறிஞ்ச ஆள்."

"எறிஞ்சனான்தான். எண்டாலும் மீசைதான்."

அவர் மூக்கைத் துடைத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார்.

"இரும்" என்றார். "முதலில இருந்து சொல்லுறன்."