மூச்சு டீச்சரின் ஐந்தாவது பீரியட்

இது நடந்தது. கட்டிவிட்ட கதையில்லை, கனவுமில்லை. இதைச் சொன்னவர் ஓர் இங்கிலீஷ் டீச்சர். லீவு லெட்டரில் ‘தலைவலி’ என்று பொய் எழுதக்கூட இரண்டு நாள் யோசிக்கிற ரகம். பேய் என்ற பேச்சை எடுத்தாலே மூக்கைச் சுளிப்பவர். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, திடீரென்று கரண்ட் போவது... அதெல்லாம் இதில் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாதி வகுப்பு கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருக்கும் ஐந்தாவது பீரியடில்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மூச்சு டீச்சர். கதையோ நாடகமோ, எதுவானாலும் அவர் வகுப்பில் சத்தமாகப் படித்தே தீர வேண்டும். ஆளுக்கு ஒரு வாக்கியம். முதல் பெஞ்சில் தொடங்கி, வரிசை வரிசையாக வளைந்து, கடைசி பெஞ்சைத் தொட்டு, மறுபடி முதலுக்கு வரும். “மூச்சு விட்டுப் படி, யாரும் துரத்தல” என்பது அவர் ஓயாமல் சொல்வது. எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் எழுதவும் வரும் என்பது அவருடைய கட்சி. ஒரு கதையை இப்படி முழுசாக வாய்விட்டுப் படித்து முடிக்காமல் அதைப் பற்றிக் கட்டுரை எழுத விடமாட்டார்.

பிள்ளைகள் படிக்கும்போது அவர் வகுப்பின் கடைசிக்குப் போய்விடுவார். பின்சுவரைப் பார்த்து நின்று கண்ணை மூடிக்கொள்வார். “முகத்தப் பாத்தா முகத்துக்கு மார்க் போட்டுடுவேன். எனக்குக் குரல் போதும்” என்பார். பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் உண்டு. கண் புத்தகத்தில் இருக்க வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

அந்த வகுப்பில்தான் அவருடைய ஒரே மகளும் படித்தாள். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிவிட்டால் அம்மா கிடையாது, டீச்சர்தான். அவளே போட்டுக்கொண்ட விதி அது. சில நாள் காலையில் வீட்டிலேயே மறந்துபோய், “டீச்சர், என் சாக்ஸ் எங்க?” என்று கத்துவாள். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிடும்.

வகுப்பில் அவளுக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டாள். எவ்வளவு நீள வாக்கியமானாலும் ஒரே மூச்சு. முடித்ததும் நாக்கால் சின்னதாக ஒரு ‘ப்ச்’. மூச்சு டீச்சரின் பெண்ணுக்கே மூச்சு விடத் தெரியவில்லை என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

வருஷத்தின் நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளை இல்லை.

டீச்சர் சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டார். “வீட்டுல அவ ரூமப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாதுங்க” என்று கணவரிடம் சொன்னாராம். அவரும் தடுக்கவில்லை. வகுப்பில் அவளுடைய ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை, பையைக்கூட வைக்கவில்லை. பாடத்தில் அப்போது ஓர் இங்கிலீஷ் நாவல் பாதியில் நின்றிருந்தது. ஆற்றில் தோணி விட்டுப் பிழைக்கும் ஒருத்தியின் கதை.

“விட்ட இடத்துலேர்ந்து படிங்க” என்று சொல்லிவிட்டுப் பின்சுவருக்குப் போனார். கண்ணை மூடினார்.

ஒவ்வொரு குரலாக வந்தது. திக்கும் குரல், மூக்கடைத்த குரல், தூங்கி எழுந்த குரல். மகளின் பக்கத்து சீட்டுக்காரி தன் வாக்கியத்தைப் படித்தாள். அடுத்தது ஜன்னலோர சீட். அதற்கும் பின்னால் உட்கார்ந்திருந்தவள் வகுப்பு லீடர். அவள்தான் இனித் தொடர வேண்டும்.

லீடர் தொடரவில்லை. ஒரு சின்ன இடைவெளி...

அப்புறம் அந்த வாக்கியம் வர ஆரம்பித்தது. ஒரே மூச்சில், எங்கேயும் நிற்காமல்.

டீச்சர் சட்டென்று கண்ணைத் திறந்து வலது தோளுக்கு மேலாகத் திரும்பி ஜன்னலோர சீட்டைப் பார்த்தார். குரல் பாதி வாக்கியத்தில் அறுந்தது. சீட் காலி. எல்லாத் தலைகளும் புத்தகத்தில் குனிந்திருந்தன. ஒரு நொடி கழித்து, எதுவுமே நடக்காதது போல லீடர் தன் வாக்கியத்தைப் படித்தாள்.

பிரமை என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பெற்ற வயிறு, அப்படித்தான் கேட்கும். ஆனால் மறுநாளும் கேட்டது. இந்த முறை கண்ணைத் திறக்கவில்லை. வாக்கியம் முழுசாக ஓடி முடிந்தது. கடைசியில் நாக்கின் அந்தச் சத்தமும் வந்தது. ப்ச்.

கண்ணைத் திறந்தால் போய்விடுகிறாள். மூடியிருந்தால் படிக்கிறாள். அவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது. அது போதும் என்றும் தோன்றியது.

பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. பீரியடுக்கு இரண்டு சுற்று வரும், இரண்டு வாக்கியம் கிடைக்கும். அந்த இரண்டு வாக்கியத்துக்காக அவர் காலையில் எழுந்தார், தலை வாரினார், சாப்பிட்டார். வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு, புத்தகத்தை விரித்துப் படித்துப் பார்த்தார். தன் குரலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவள் வகுப்பில் மட்டும்தான் வந்தாள். அந்தப் புத்தகத்துக்கு மட்டும்தான் வந்தாள்.

புத்தகமோ தீர்ந்துகொண்டே வந்தது.

டீச்சர் இழுத்தடிக்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். சில நாள் அரைப் பக்கம். ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் விளக்கம். அப்போதுதான் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் சரியில்லாமல் பட்டன. குரல் ஜன்னல் பக்கமிருந்து வர வேண்டும், அது அதைவிடப் பக்கத்தில் கேட்டது. பக்கம் புரளும் சத்தம் ஒன்று இடது காதோரம் கேட்டது. இடது முழங்கை மட்டும் சில்லென்று இருந்தது. மின்விசிறிதான் என்று நினைத்துக்கொண்டார்.

நடுவில் ஒரே ஒரு நாள் அவரால் பள்ளிக்குப் போக முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. அந்தப் பீரியடுக்கு, அந்த டெர்மில் புதிதாகச் சேர்ந்த பி.டி. சாரை அனுப்பினார்கள். மறுநாள் வந்து பார்த்தால் பாடம் ஒரு பக்கம் நகர்ந்திருந்தது.

“யாரு படிக்கச் சொன்னா?” குரல் உயர்ந்துவிட்டது. ஒரு பக்கம் போயே போய்விட்டதே என்ற ஆத்திரம்.

“நாங்களேதான் டீச்சர்... எப்பவும் படிக்கிற மாதிரிதான்.” லீடர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முகம் வெளுத்திருந்தது.

பரீட்சை நெருங்கியது. பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷிதான், கையைப் பிடித்து உட்கார வைத்துப் பேசினார். “உங்க நிலைமை எனக்குப் புரியுதும்மா. ஆனா மத்த செக்‌ஷன்ல கட்டுரையே எழுதி முடிச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள புக் முடியணும். இல்லன்னா கிளாஸ வேற மேடம்கிட்ட குடுக்கறதத் தவிர எனக்கு வேற வழியில்ல.”

அன்று சாயங்காலம் லீடரும் வந்து நின்றாள். “டீச்சர்... முடிவு தெரியாம கட்டுரைய எப்படி எழுதறது?”

அந்தப் பிள்ளை மகளின் சிநேகிதி. பல நாள் வீட்டுக்கு வந்து, ஒரே தட்டில் சாப்பிட்டவள். டீச்சர் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். தன் பிள்ளைக்காக ஊரார் பிள்ளைகளின் பரீட்சையைப் பணயம் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

“வெள்ளிக்கிழமை முடிச்சுடலாம்மா” என்றார்.

வெள்ளிக்கிழமை. ஐந்தாவது பீரியட். கடைசிப் பக்கம்.

கடைசி வாக்கியம் யாருக்கு விழும் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணப் பயம். பின்சுவருக்குப் போனார். கண்ணை மூடினார்.

முதல் பெஞ்ச் படித்தது. இரண்டாவது பெஞ்ச். யாரோ இருமினார்கள். பக்கத்து சீட்டுக்காரி படித்து முடித்தாள்.

இடைவெளி...

வரவில்லை.

மின்விசிறிச் சத்தம் மட்டும். யாரும் அசையவில்லை. லீடரும் தொடரவில்லை. அந்தப் பக்கத்தில் மிச்சம் இருந்தது ஒரே வாக்கியம்.

அப்புறம்... வந்தது.

தோணிக்காரி தோணியைக் கட்டினாள்,

நின்றது.

மூச்சு விடும் சத்தம்.

துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டாள்,

மறுபடி நின்றது. மறுபடி ஒரு மூச்சு.

ஆற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்,

எக்ஸ்பிரஸ் நிற்கிறது... முதல் தடவையாக, ஒவ்வொரு இடத்திலும் நின்று, மெதுவாக, முடிக்க மனசில்லாமல்.

டீச்சரின் இடது கன்னத்தில் காற்று பட்டது.

கண்ணைத் திறக்கவில்லை.

திறந்தால் போய்விடுவாள்...

பிறகு வீட்டுக்கு ஏறிப் போனாள்.

ப்ச்.

மணி அடித்தது.

வழக்கமாக மணி அடித்ததும் தெறித்து ஓடும் பிள்ளைகள் அன்று எழுந்திருக்கவில்லை. டீச்சர் திரும்பியபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கதை அப்படிப்பட்ட கதை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார். அதன்பின் அந்தக் குரல் வரவில்லை. பிள்ளைகள் கட்டுரை எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள்.

பரீட்சை முடிந்து, பள்ளி மூடும் நாளில் லீடர் தனியாக வந்தாள்.

“ஒண்ணு சொல்லணும் டீச்சர். கோவிச்சுக்கக் கூடாது. அவ லைன நீங்கதான் படிச்சீங்கன்னு நாங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டிருந்தோம். சத்தம் பின்னாடிலேர்ந்துதான் வரும், நீங்க நிக்கிற எடத்துலேர்ந்து. அச்சு அசல் அவ மாதிரியே. பாவம் டீச்சர்னுட்டு யாரும் திரும்பல.”

“நான் வாயே திறக்கலயேம்மா.”

“தெரியும். நீங்க லீவு போட்ட அன்னைக்கும் கேட்டுச்சு. முடிஞ்சதும் திரும்பிப் பாத்தோம். அங்க யாரும் இல்ல. வெளிய சொன்னா அவ வராம போயிடுவாளோன்னு... யாருமே சொல்லல டீச்சர்.”

டீச்சர் நேராக ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். அங்கே பி.டி. சார் மட்டும் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். அந்த வருஷத்தோடு வேறு வேலைக்குப் போகிறார். மகளை ஒரு தடவைகூடப் பார்த்திராதவர். இவரைக் கண்டதும் கொஞ்சம் தயங்கினார்.

“போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுடறேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கிளாஸ்ல ஒரு பொண்ணப் பின்னாடி நிக்க வச்சே வருஷத்த ஓட்டிட்டீங்களே, அப்படி என்ன தப்பு பண்ணுச்சு அது?”

“எந்தப் பொண்ணு சார்?”

“யூனிஃபார்ம்ல, ஒல்லியா. உங்களுக்குப் பதிலா நான் வந்து முன்னாடி உக்காந்திருந்தேனே, அன்னைக்கும் அங்கதான் நின்னுச்சு, சுவரப் பாத்துக்கிட்டு. போய் உக்காரும்மான்னேன். ‘எங்க அம்மா வர்ற வரைக்கும் நிக்கிறேன் சார்’னு சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல, விட்டுட்டேன்.”

டீச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அப்புறமும் கிரவுண்டுக்குப் போறப்ப ஜன்னல் வழியா எத்தன தடவை பாத்திருக்கேன். உங்களுக்கு இடது பக்கத்துல, ஒட்டினாப்பல நிக்கும். கையில புக் இருக்கும், ஆனா புக்கப் பாக்காது மேடம்.”

“பின்ன?”

“உங்க முகத்தத்தான் பாத்துக்கிட்டே இருக்கும். நீங்கதான் கண்ணையே திறக்க மாட்டீங்க.”

டீச்சர் இப்போதும் அதே பள்ளியில்தான் வேலை பார்க்கிறார். புது வகுப்பு, புதுப் பிள்ளைகள். அதே நாவலைத்தான் படிக்க வைக்கிறார். பிள்ளைகள் படிக்கும்போது அதே இடத்தில், இடது பக்கம் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு நிற்கிறார். கண்ணை மட்டும் மூடுவதில்லை.

இதுவரை அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.